எட்டாவது ஆள்

"பதினாலுக்குப் பதினாலு ஜெயிச்சிருக்கான், சரி. யாரை ஜெயிச்சான்? எல்லாம் சப்ப ஆளுங்க லா!"

கோயில் செயலாளர் லோகேஸ்வரன் கைப்பேசியை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தான்.

திருவிழாவில் அழகேசனுக்குப் பொன்னாடை போர்த்துவதா வேண்டாமா என்பதுதான் அன்றைய கூட்டத்தில் பேச்சு. எங்கள் புக்கிட் செலம்பாவ் ஊர்ப் பையன். கூலிம் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. லீவு நாளில் தொமோய் சண்டை. காலாலும் முழங்கையாலும் அடித்தே பேர் வாங்கியவன்.

தோற்றவர்கள் பட்டியலை லோகேஸ்வரன் ராகம் போட்டுப் படித்தான். ஒருத்தன் டாக்சி ஓட்டுகிறவனாம். ஒருத்தன் கோலா மூடாவில் மீன் பிடிக்கிறவனாம்.

"எட்டாவது ஆளைப் பாருங்க, 'ராஜாவாலி'யாம். சர்க்கஸ்காரன் போல!"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

அந்த ராஜாவாலி நான்தான்.

சொந்தப் பேரில் ரிங்கில் இறங்கினால் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று, மலாயில் கழுகு என்று ஒரு பேர் வைத்துக்கொண்டேன். எனக்கு நிலைமை இன்னும் மோசம். இனிமேல் சண்டைக்குப் போக மாட்டேன் என்று இதே முனீஸ்வரர் முன்னால் சூடம் அணைத்து, என் மனைவி குணவதிக்குச் சத்தியம் செய்திருந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, அதை மீறி, ஒரே ஒரு தடவை என்று தாய்லாந்து எல்லையைத் தாண்டிப் போனேன். தாடை உடைந்து வந்தேன். மோட்டாரிலிருந்து விழுந்துவிட்டேன் என்றேன். பாவம், நம்பிவிட்டாள். புண் ஆற ஆறு வாரம் விரால் மீன் சூப் வைத்து, ஸ்ட்ரா போட்டுக் குடிக்க வைத்தாள்.

இப்போது எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

வாயைத் திறந்தால் என் சத்தியம் சந்தி சிரிக்கும். திறக்காவிட்டால் அழகேசன் பேர் நாறும்.

பொன்னாடை வேண்டாம் என்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னான் லோகேஸ்வரன். கைகள் ஒவ்வொன்றாக ஏறின.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"எட்டாவது ஆளு நான்தான்யா!"

மண்டபமே என் பக்கம் திரும்பியது.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழகேசன் கால் என் தாடைக்கு வந்ததை நான் பார்க்கவே இல்லை. அடேயப்பா, என்ன வேகம்! கயிற்றில் சாய்ந்தேன். கை இரண்டும் தொங்கிவிட்டன. அடுத்து முழங்கை வந்தது. செத்தேன் என்றுதான் நினைத்தேன்.

அது என் நெற்றிக்கு ஒரு விரல்கடை முன்னால் நின்றது. அப்படியே நின்றது!

என் கண் செருகியதை அதற்குள் பார்த்துவிட்டான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. அடிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். பாய்ந்துவிட்ட கையைப் பாதியில் நிறுத்தத் தெரிந்தவனை நான் என் ஆயுசில் ஒருத்தனைத்தான் பார்த்தேன்.

நான் சப்பை ஆள்தான், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் அவன் நிறுத்தினான். அதை எழுத உன் பட்டியலில் இடம் இருக்கிறதா என்று லோகேஸ்வரனைக் கேட்டேன். அவன் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

தூக்கிய கைகள் எல்லாம் இறங்கியிருந்தன. குணவதி பக்கம் திரும்ப மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை.

அவளே எழுந்தாள்.

"மோட்டார்ல ஒரு கீறல் கூட இல்ல. நான் என்ன முட்டாளா?" என்றாள். "ஆறு வாரமும் சூப்புக்கு விரால் மீன் யாரு கொண்டாந்ததுன்னு நெனச்சீங்க?"

நான் ரிங்கில் அடிபட்ட மறுநாளே அழகேசன் வந்து அவள் காலில் விழுந்திருக்கிறான். ஷிப்ட் முடிந்த கையோடு வயல் வாய்க்காலில் இறங்கி மீன் பிடித்து, தினமும் பின்வாசலில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அண்ணனுக்குத் தெரிய வேண்டாம், கூச்சப்படுவார் என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டானாம்.

அவள் அதை மூன்று வருஷம் காப்பாற்றியிருக்கிறாள்.