காலிங் பெல் அடிக்காமல்

ஷாமியானாவின் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மெர்வின் செல்போனை மடியில் தாழ்த்திப் பிடித்திருந்தான். பார்க்கிறவர்களுக்கு ஜெபம் பண்ணுகிறவன் மாதிரித்தான் தெரியும்.

திரையில் ஒரு மெயில் பாதியில் நின்றது. ரெஸ்யூமே ஏற்றியாகிவிட்டது. கவர் லெட்டர் வைப்பதா வேண்டாமா என்பதில்தான் இழுபறி.

வேலை போய் ஒரு வருஷமாகிறது. முடிச்சூர் அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன் முதற்கொண்டு எல்லோரிடமும் வொர்க் ஃப்ரம் ஹோம் என்று சொல்லிவைத்திருக்கிறான். சொல்லிச் சொல்லி அவனுக்கே அலுத்துவிட்டது. இந்த வேலையும் நழுவினால் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு மாமனார் வீட்டில் போய் ஒண்ட வேண்டியதுதான்.

வாட்ஸப்பில் மனைவி ஜெனி. உள்ளே பெண்கள் பக்கம் உட்கார்ந்தபடியே அனுப்பியிருந்தாள்.

"கவர் லெட்டர்லாம் இப்ப யாருங்க படிக்கிறாங்க? ரெஸ்யூமே மட்டும் தட்டி விடுங்க. லேட் பண்ணா வேற யாராவது முந்திப்பாங்க."

அவள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் எபி ஒத்துக்கொள்ள மாட்டான். மெர்வின் அனுப்பிய கவர் லெட்டர் ஒவ்வொன்றையும் திருத்திக் கொடுத்த சிநேகிதன் அவன். 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஆரம்பித்தாலே தலையில் அடித்துக்கொள்வான்.

"கவர் லெட்டர் இல்லாம அனுப்புறது, காலிங் பெல் அடிக்காம அடுத்தவன் வீட்டுல நுழையுற மாதிரிடா மச்சான்" என்பான்.

சரி, எழுதித் தொலைப்போம் என்று மெர்வின் திரையில் கட்டைவிரலை வைத்தான். இந்த வேலை காலியாக இருப்பது எப்படித் தெரியவந்தது என்பதைத்தான் எபி எப்போதும் முதல் வரியாக எழுதச் சொல்வான்.

எழுதினான். அழித்தான். வேறு மாதிரி எழுதிப் பார்த்தான். அதையும் அழித்தான்.

விளம்பரம் எதுவும் வரவில்லை. வேலை காலியானதே நேற்று சாயங்காலம்தான்.

உள்ளே எபியின் மனைவி டெபோராவின் அழுகை திடீரென்று உயர்ந்தது. பாஸ்டர் பைபிளை மூடிவிட்டு, கடைசியாக முகம் பார்க்கிறவர்கள் வரலாம் என்றார். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டில், மூக்கில் பஞ்சோடு, எபி பெட்டிக்குள் கிடந்தான். ஆஸ்பத்திரியில் கிடந்து இளைத்ததில் கோட்டு தொளதொளவென்று இருந்தது.

மெர்வினுக்கு அழுகை முட்டியது. அழுதுகொண்டேதான் அனுப்பினான். கவர் லெட்டர் வைக்கவில்லை.

எழுந்து போய்ப் பெட்டியருகே நின்றான். எதிர்ப்பக்கம் எபியின் மேனேஜர் தினகரன், ஆபீஸ் சார்பில் கொண்டுவந்த மலர்வளையத்தோடு நின்றிருந்தார். அவருடைய மெயில் ஐடியை எபிதான் எப்போதோ கொடுத்திருந்தான்.

அவர் சட்டைப் பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடியும் பார்த்தார்.

பெட்டியை மூடினார்கள். உயிர்ச் சிநேகிதன் என்று ஸ்க்ரூ முடுக்குகிற வேலையை மெர்வினிடம் கொடுத்தார்கள். கடைசி ஸ்க்ரூவில் அவன் குனிந்திருக்கும்போது தினகரன் பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

"ஆஸ்பத்திரியில பாக்கப் போனப்பவே எபி உங்களைத்தான் எடுக்கணும்னு சொல்லிட்டாரு தம்பி. அடக்கம் முடியட்டும், அப்புறம் கூப்பிட்டுப் பேசலாம்னு இருந்தேன்."

சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கத் தோள் கொடுக்கப் போய்விட்டார்.