கோபக்காரக் காசு

காசு மூன்றாவது தடவையாகக் கை நழுவி, உருண்டு, முன்வரிசையில் இருந்த மேனேஜரின் ஷூவுக்கடியில் போய் நின்றது.

"மாயமா மறையும்னீங்க, என் காலடிக்கு வந்திருக்கு," என்றார் மேனேஜர். ஹால் முழுக்கச் சிரிப்பு.

ஆபீஸ் ஆண்டு விழா. மேடையில் அசடு வழிய நின்றவர் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. தன் வேலையை முடித்துக்கொண்டு தாமதமாக வந்து, அப்போதுதான் கடைசி வரிசையில் உட்கார்ந்த அவர் மனைவிக்கு மானமே போய்விட்டது.

"இனிமே உங்க ஆபீஸ் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்." பஸ்ஸில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டாள்.

அவர் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தார்.

"காசை மறைச்சுக் காட்டுறது எல்லாரும் பண்றதுதான், நான் அதை ஒரு கதையாவே ஆக்கிக் காட்டுறேன்னு மூணு மாசமா என் உயிரை வாங்கினீங்க. காசு கோவிச்சுக்கிட்டு ஓடுதாம். என் கொண்டையில ஒளியுதாம். நீங்க கெஞ்சினாத்தான் திரும்பி வருமாம். அடுப்புல பால் பொங்கி வழிஞ்சப்பகூட நின்னு பார்த்தேன்."

"நல்லா இருக்குன்னு சிரிச்சியே."

"சிரிச்சேன். அதான் இப்ப வயிறு எரியுது. வீட்ல ஒரு தடவையாவது அது கையை விட்டு விழுந்துச்சா?"

"இல்லை."

"அப்புறம் இன்னிக்கு என்ன வந்துச்சு? மேடை பயமா?"

"பயமெல்லாம் இல்லை."

"நாளைக்குப் பாருங்க. பியூன்லேர்ந்து மேனேஜர் வரைக்கும் உங்களைத்தான் ஓட்டுவாங்க. ரிட்டயர் ஆகுற வரைக்கும் விட மாட்டாங்க."

"ஓட்டட்டும்."

அவர் குரலில் வருத்தமே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"சூடு சொரணை இருக்கா உங்களுக்கு?"

அவர் மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

"நீ வர்றதுக்கு முன்னாடி, ரிசப்ஷன்ல புதுசா சேர்ந்த பொண்ணு பாடிச்சு. பாதியில வரி மறந்து போச்சு. இதே மாதிரிதான் சிரிச்சாங்க. மேடைக்குப் பின்னாடி ஓடி வந்து, 'நாளைலேர்ந்து வேலைக்கே வர மாட்டேன் சார்'னு தேம்பித் தேம்பி அழுதுச்சு. அது சம்பளத்துலதான் அந்த வீடே ஓடுது. அடுத்ததா என் பேரைக் கூப்பிட்டாங்க."

"அதுக்கு?"

"நாளைக்கு ஆபீஸ்ல சிரிக்க அவங்களுக்கு ஒரு ஆள் போதும். அது நானா இருந்துட்டுப் போறேன்."