இடப்பக்கம் சிவப்பு

பெண் பார்க்க வந்த கப்பல் மாப்பிள்ளை தணிகைவேல், பச்சைப் பட்டுநூலைக் காட்டி ஏன் சிவப்பு என்கிறான் என்று காவேரிக்குப் புரியவில்லை.

"ராத்திரியில எதிர்க்கப்பல் எந்தப் பக்கம் போவுதுன்னு எப்படிங்க தெரியும்?" என்று அவள்தான் கேட்டிருந்தாள்.

"கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. சிவப்பு மட்டும் தெரிஞ்சா நமக்கு இடப்பக்கமாப் போவுது. ரெண்டும் தெரிஞ்சா நேரா நம்மளப் பார்த்து வருது" என்று தறியருகே கிடந்த நூல்களை வைத்து விளக்கினான். விளக்கம் சரி, நிறம்தான் மாறியது.

"இந்தக் கண்ணை வச்சுக்கினு எப்படிங்க கப்பல் ஓட்டுறீங்க?"

தணிகைவேல் குரலைத் தாழ்த்தினான். "ஆபீசர்னு தரகர் அளந்து விட்டுட்டாரு. நான் கப்பல்ல சமையல்காரன். புடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க."

காவேரி சிரித்தாள். "எனக்கு ரசம்கூட வைக்க வராதுங்க. சமையல் உங்களுது. புடவை எடுக்கிறது மட்டும் நான்."