வெள்ளிக்கிழமை

கிளாஸ்கோவில் டூகல் ஆடிய கால்பந்து அணியில் ஒரு வழக்கம் உண்டு. வாரம் முழுக்க வீரர்களை வெறுமனே ஓடவிடுவார்கள். பந்தைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். அப்போதுதான் சனிக்கிழமை ஆட்டத்தில் பந்துக்குப் பசித்துப் பாய்வார்களாம்.

போரிலிருந்து அவன் வலது காலில்லாமல், புத்தி கலங்கித் திரும்பினான். பந்து கேட்டுக் கத்தும்போதெல்லாம் மனைவி மோராக்குக்கு அந்த வழக்கம்தான் கைகொடுத்தது.

“இன்னைக்கு வெள்ளிதானே!”

“அப்போ நாளைக்கு” என்று அடங்கிவிடுவான்.

நான்கு வருடங்களாக அந்த வீட்டில் தினமும் வெள்ளிக்கிழமைதான். இன்றும் பக்கத்து மைதானத்தில் சனிக்கிழமை ஆட்டத்தின் ஆரவாரம் எழுந்ததும் மோராக் ஜன்னலைச் சாத்தப் போனாள்.

“திறந்தே இருக்கட்டும் மோராக். நாலு வருஷமா எனக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு.”

அவள் கை கொக்கியிலேயே நின்றது. ஆரவாரம் ஓய்ந்த பிறகு அவனே மெல்லக் கேட்டான்: “இன்னைக்கு என்ன கிழமை?”