ஆமைக்கு ஆகாத இடம்

கதிரையில் வீட்டுச் சொந்தக்காரர் மகேந்திரன் அண்ணை, கட்டில் விளிம்பில் அவர் மனைவி வதனி அக்கா, தரையில் போர்வைக்குள் இருமிக்கொண்டு ஏழு வயது நிலானி, அவள் மடியில் குட்டி ஆமை. தாய் சுகந்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

“என்ன தங்கச்சி, பேஸ்மென்டுக்குள்ளயோ ஆமை வளக்கிறீர்? வெயில் படாட்டி ஓடு இறுகாது,” என்றார் அண்ணை.

“சுவரெல்லாம் ஈரம். நிலம் ஐஸ் மாதிரி. வாயில்லாச் சீவன் செத்துப்போகுமெல்லே!” அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“சம்மருக்கு வெளியில விடுவம் அக்கா. இப்ப இந்த ஹீட்டர்...”

“பாவம் தங்கச்சி. உயிருள்ளது ஒண்டும் இஞ்ச இருக்கேலாது. நாங்கள் கொண்டுபோறம். மேல எங்கட ஹோலில நல்ல வெயில்.”

நிலானி அழ அழ ஆமையைத் தூக்கிக்கொண்டு இருவரும் படியேறினார்கள்.

“அண்ணை, ஹீட்டர் திருத்தித் தாறன் எண்டு சொல்லி மூண்டு மாதம்...”

“அதுக்கென்ன அவசரம்? பிள்ளைக்கு இன்னொரு ஸ்வெற்றரைப் போட்டுவிடும்.”

மேலே அவர்கள் வீட்டுக் கதவு சாத்தப்பட்டது.

சுகந்தி தாளை எடுத்து, திகதியிட்டு, ரொறன்ரோ மாநகரசபைக்கு எழுதினாள்: ‘சுவரெல்லாம் ஈரம். நிலம் ஐஸ் மாதிரி. உயிருள்ளது ஒன்றும் இங்கே இருக்க முடியாது. சொன்னவர்கள்: வீட்டுச் சொந்தக்காரர்கள்.’

ஆமையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. உறையை ஒட்டி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டாள்.