ரெண்டு வீட்டுக்கு ஒரு பல்பு

“மனுசியாய்யா அவ? நாங்க சாப்ட்டுக் கை கழுவுறதுக்குள்ள வெளக்கை அணைச்சிருதா!”

காலை ஏழு மணிக்கே எஸ்டேட் ஆபீஸ் வாசலில் சின்னத்தாயியின் குரல் தேயிலைக் காடு முழுக்கக் கேட்டது. பின்னால் அவள் மகன் சங்கையாவும், போன மாதம் கல்யாணமாகி வந்த மருமகளும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

சூப்பர்வைசர் ஆசீர்வாதம் பெருமூச்சு விட்டார். எல்லாம் எஸ்டேட் மேனேஜர் துரை போட்ட உத்தரவால் வந்த வினை. எழுபத்தாறாம் வருஷம் கரண்டை மிச்சம் பிடித்தே தீருவது என்று துரை கிளம்பியிருந்தார். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரு பல்பு, அதுவும் நாற்பது வாட். நடுச்சுவரில் ஓட்டை போட்டு மாட்டியாகிவிட்டது. வெளிச்சம் இரண்டு பக்கமும் போகும், சரி. சுவிட்ச் ஒரு பக்கம்தானே இருக்க முடியும்? அது பக்கத்து வீட்டுப் புஷ்பமேரியின் பக்கம் போய்விட்டது.

ஆளனுப்பி அவளைக் கூப்பிட்டார். தனிக்கட்டை. முதுகில் கொழுந்துக் கூடையோடு அப்படியே வந்து நின்றாள்.

“ஒன்பது மணி வரைக்கும் எரியலாம்னுதானே உத்தரவு? நீ ஏன் ஏழரைக்கே அணைக்கிற?”

“மிச்சம் பிடிக்கச் சொன்னீகல்லா? பிடிக்கேன்.”

“நீயும் இருட்டுலதானே கிடக்கணும்?”

“செபமாலை சொல்லுவேன். மாதாவுக்கு வெளக்கு வேணுமாக்கும்?”

“பாத்தீகளா திமிரை!” என்று சின்னத்தாயி எகிறினாள். “வேணும்னே பண்ணுதா. என்னைக்கோ என் கோழி அவ கீரைப்பாத்தியைக் கிண்டிட்டுன்னு இன்னும் கருவிக்கிட்டுத் திரியுதா!”

ஆசீர்வாதத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

“இந்தா பாரு புஷ்பமேரி, இன்னிக்கு சாயங்காலமே சுவிட்சை இவங்க பக்கம் மாத்திடறேன்.”

புஷ்பமேரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். குனிந்து நின்ற அந்தப் புதுப்பெண்ணை ஒருமுறை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

“உங்க இஷ்டம்யா.” கூடையைச் சரிசெய்துகொண்டு நடந்துவிட்டாள்.

“அடுத்தவங்க கஷ்டம் தெரியாத ஜென்மம்” என்று அவள் காதில் விழும்படியே சொன்னார் ஆசீர்வாதம்.

சின்னத்தாயி தேர்தலில் ஜெயித்தவள் மாதிரி மருமகளை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். பத்தடி போன சங்கையா மட்டும் திரும்பி வந்தான்.

“அய்யா... சுவிட்சு அந்தப் பக்கமே இருக்கட்டும்யா.”

“ஏண்டா, உனக்கென்ன இருட்டு மேல அவ்வளவு ஆசை?”

சங்கையா கால் பெருவிரலால் தரையைச் சுரண்டினான். காது வரை சிவந்துவிட்டது.

“இருக்கிறது ஒரே ரூம்புய்யா. வெளக்கு எரியிற வரைக்கும் எங்கம்மா நடுவுல உக்காந்து கதை பேசிக்கிட்டே இருக்கும். அணைஞ்சாத்தான் பாயைச் சுருட்டிக்கிட்டு அடுப்படிக்குப் படுக்கப் போகும்.”

ஆசீர்வாதத்துக்கு வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. கொஞ்சம் முன்னால் தான் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்து அவரைக் கூசவைத்தது.

“புஷ்பமேரிகிட்ட நீதான் சொல்லி வெச்சியா?”

“அதைப் போயி எப்படிய்யா வாயை விட்டுச் சொல்ல? கல்யாணமான ரெண்டாம் நாள்லேர்ந்து, அந்த அக்காவாத்தான் அணைக்குது.”