வழி மறித்தவர்

“இவனுங்கள வண்டியோட வச்சுக் கொளுத்தணும்!”

ஷேர் ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்தவர் போட்ட சத்தத்தில், பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மடியில் சாப்பாட்டுப் பை, சட்டைப் பையில் பேனா. பெயர் ஜானகிராமன் என்றும், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டோர்ஸ் வேலை என்றும் ஆவடியில் ஏறும்போதே சொல்லியிருந்தார்.

திருமுல்லைவாயலில் சி.டி.எச். ரோடு மொத்தமும் நின்றுபோயிருந்தது. முன்னால் ஒரு பிரசார வேன். அதைச் சுற்றி ஊதாக் கொடிகள், தாரை தப்பட்டை, பட்டாசுப் புகை. “உங்கள் எம்.பி. வேட்பாளர் வக்கீல் ஸ்ரீகாந்த்!” என்று ஸ்பீக்கர் அலறியது.

பின்னால் இருந்த ஷாகிதாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதே எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவளுக்குத் தையல் வேலை. ‘இன்னொரு நாள் லேட்டா வந்தா அப்படியே ஊட்டுக்குப் போயிடு’ என்று முந்தின நாள்தான் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

“அண்ணே, ஓரமா பூந்து போயிடுங்கண்ணே. கேட்டைச் சாத்திருவாங்க” என்று டிரைவரிடம் கெஞ்சினாள்.

“எங்கம்மா பூர்றது? சைக்கிள்கூட போவாது” என்றபடி டிரைவர் மதுரைவீரன் ஹாரனை அழுத்தினான்.

கொடி பிடித்த ஒருவன் பாய்ந்து வந்து ஆட்டோவின் கண்ணாடியில் ஓங்கித் தட்டினான். “இன்னாடா ஹாரன்? எங்க அண்ணனுக்கு ஓட்டு கேக்குறது உனக்கு இடைஞ்சலா கீதா?”

மதுரைவீரனின் சட்டையைப் பிடிக்கக் கையை நீட்டினான். அதற்குள் ஜானகிராமன் கீழே குதித்தார்.

“கைய எட்றா! பொம்பளைங்க வேலைக்குப் போற நேரத்துல ரோட்ட மறிச்சுகினு இன்னாடா ஓட்டு?”

அவர் முகத்தைப் பார்த்ததும் அவன் கையை இறக்கிக்கொண்டான். அப்படியே திரும்பிக் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

“நீதான் அண்ணாத்தே சரியான ஆளு” என்றான் மதுரைவீரன்.

ஆனாலும் வழி கிடைக்க நெடுநேரமானது. ஆட்டோ எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கம்பெனி கேட் சாத்தியிருந்தது. ஜானகிராமன் தன் வேலையைக்கூடப் பார்க்காமல் ஷாகிதாவோடு இறங்கி வந்து, வாட்ச்மேனிடம் அவளுக்காக மன்றாடினார்.

வாட்ச்மேன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். “மிஷின்ல வேற ஆள உக்கார வச்சுட்டாங்கம்மா. சூப்பர்வைசர் இனிமே வர வேணாம்னுட்டாரு.”

ஷாகிதா அழவில்லை. எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சாத்திய கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாசமாப் போவான் அந்த வக்கீல்!”

ஜானகிராமன் ஒரு டீயை வாங்கி அவள் கையில் கொடுத்தார். “சாபம் வுட்டா ஆச்சா தங்கச்சி? அவனை அடிக்கவேண்டிய எடம் வேற. உங்க ஊட்ல எத்தினி ஓட்டு?”

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு, கணவன் ஃபஹீமுக்குப் போன் போட்டாள்.

“என்னாங்க, வேலை போச்சு. அந்த ஸ்ரீகாந்த் கூட்டம் ரோட்ட மறிச்சதால போச்சு. நம்ம ஊட்டு ஓட்டு ஒண்ணுகூட அவனுக்கு வுழக்கூடாது.”

“இன்னா பேசுற ஷாகிதா? நம்ம தெருவுக்குத் தண்ணி வர்றதே அவராலதான். பைசா வாங்காம கோர்ட்டுக்கு அலைஞ்ச மனுசன்.”

“அலையட்டும்! தண்ணியக் குடுத்துட்டு சோத்துல மண்ணப் போட்டான்ல? உங்கம்மாகிட்ட சொல்லுங்க. மாடியூட்டு ஷரீஃபுன்னிசா அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன். தெரு மொத்தத்துக்கும் ஊடு ஊடா போய்ச் சொல்லப் போறேன். அவன் டெபாசிட் போவணும்!”

போனை வைத்தவள் விறுவிறுவென்று பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். போன வேலையைப் பற்றிய நினைப்பே இப்போது அவளுக்கு இல்லை. முடிக்கவேண்டிய வேறு வேலை ஒன்று வந்துவிட்டது.

ஜானகிராமன் அவள் பஸ் ஏறும்வரை நின்று பார்த்தார். பிறகு தன் போனை எடுத்தார்.

“தலைவரே, ஸ்ரீகாந்த் கொடியெல்லாம் பத்திரமா மடிச்சு வைக்கச் சொல்லுங்க. நாளைக்குப் பூந்தமல்லில நம்ம பசங்களுக்கு வேணும்.”